படிவத்தில் இல்லாத ஒரு கட்டம்

கல்முனைப் பக்கம் இப்போது வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனிகளுக்குப் புரோகிராம் எழுதும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. ஓய்வு பெற்றுக் கிடக்கும் என்னையும் யாரோ அதில் இழுத்துப் போட்டுவிட்டார்கள். போன மாதம் அதில் ஒருவர் எழுதியிருந்தார்: "மிஸ், இப்ப கோட் எல்லாம் ஏஐதான் எழுதுது. நாங்க படிச்சதெல்லாம் வீணாப் போகுமா? என்னதான் மாறினாலும் மாறாத விதி எண்டு பத்து எழுதித் தாங்களேன்."

பத்து விதியாம்! கடைக்குச் சாமான் துண்டு எழுதுகிற மாதிரி. என்னிடம் பத்து கிடையாது. உதறிப் பார்த்தால் மூன்றோ நாலோ விழும். அவையும் என்னுடையவை அல்ல, தம்பிராசா சேருடையவை. விதி என்று அவர் எதையும் சொன்னதில்லை. வேலை செய்யும் விதத்தில் அது இருந்தது. அதைத்தான் எழுத முடியும். வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

படித்த கதையை நீட்டப் போவதில்லை. சாய்ந்தமருதிலிருந்து ஒரு பொம்பிளைப் பிள்ளை கம்பியூட்டர் படிக்கக் கொழும்புக்குப் போவதா என்று மாமிமார் வாய் வைத்தார்கள். வாப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. படித்தேன், அங்கேயே சில காலம் வேலை செய்தேன், பிறகு கலியாணம் முற்றாகி ஊருக்கு வந்தேன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு, உம்மாவும் வாப்பாவும் கட்டிக் கொடுப்பது. முஸ்லிம்களான எங்களுக்கு மட்டுமல்ல, தமிழ் ஆட்களுக்கும் அப்படித்தான். அந்த முறைப்படி என் கணவர் ஒரு பெட்டியோடும் பள்ளிக்கூடத்துப் புத்தகக் கட்டோடும் என் வீட்டில் வந்து இறங்கினார். ஊர் அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். நானும் அப்படித்தான். இந்தச் சீதன முறை நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. அதற்கு இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை.

வேலை கிடைத்தது கல்முனையில், அலுவலகங்களுக்குத் தரவு வேலை செய்து கொடுக்கும் சிறிய இடம் ஒன்றில். அங்கே பொறுப்பாளர் தம்பிராசா சேர். கல்முனைத் தமிழர். அறை அளவு கம்பியூட்டர் இருந்த காலத்தில் கொழும்பில் தொழில் பழகியவர். மெலிந்த, நீண்ட ஆள். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் குடை. கோபம் வந்தால் மற்றவர்கள் சத்தம் போடுவார்கள். இவர் கோபம் வரவர மரியாதை கூட்டுவார். "வாங்க, இருங்க, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார் என்றால் நாம் எங்கேயோ பெரிதாகப் பிழை விட்டிருக்கிறோம் என்று பொருள்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. யார் புரோகிராம் எழுதினாலும் அது வேலைக்குப் போகுமுன் காகிதத்தில் அச்சாக வேண்டும். அதை எழுதியவர் வாசிக்கக் கூடாது. இன்னொருவர் வாசிக்க வேண்டும். அதுவும் ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே ஒப்பிப்பது அல்ல. ஒவ்வொரு வரியையும் வீட்டில் கதைக்கிற தமிழில் சொல்ல வேண்டும். "வயசு அறுபதுக்குக் கூட எண்டா, இவரை இந்தப் பக்கம் போடு" என்கிற மாதிரி. சேர் கண்ணை மூடிக்கொண்டு குடைப்பிடியில் நாடியை வைத்துக் கேட்பார். எழுதியவர் பக்கத்தில் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். வாசிப்பவர் ஓரிடத்தில் தடுமாறினால், எழுதியவருக்கு வாய் துறுதுறுக்கும். "இல்ல சேர், அது என்னெண்டா..." என்று தொடங்கினால் சேர் கண்ணைத் திறக்காமலே சொல்வார்: "விளங்கப்படுத்தாதீங்க. திருத்துங்க. நாளைக்கு இத வாசிக்கிறவருக்குப் பக்கத்தில நீங்க இருக்க மாட்டீங்க."

வாசிப்பவர் களைத்துப்போய், "இந்த இடம் வழமையானது சேர், சரியாத்தான் இரிக்கி" என்று தாண்டப் பார்த்தால் அவ்வளவுதான்.

"தங்கச்சி, அதைத் திருப்பி வாசிங்க."

சரி என்று நாம் தாண்டுகிற இடத்தில்தான் அவர் நிறுத்துவார். பாதிக்கு மேற்பட்ட பிழைகள் அங்கேதான் கிடந்தன. ஆரம்பத்தில் எனக்கு இந்தக் கூத்து அலுப்பாக இருந்தது. கொழும்பில் படித்தவளுக்குக் கிளிப்பிள்ளைப் பாடமா என்று மாஸ்டரிடம் பொருமியிருக்கிறேன். பிறகு ஒரு நாள் நான் எழுதியதை வேறொருவர் வாசிக்கக் கேட்டேன். நான் என்ன சொல்ல நினைத்தேனோ அது அதில் இருக்கவில்லை. அதற்குப் பிறகு பொருமுவதை விட்டுவிட்டேன்.

இன்னொரு சம்பவம். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் ஒழுங்கைக் கணக்கிடும் பழைய புரோகிராம் ஒன்று எங்களிடம் திருத்தத்துக்கு வந்தது. எங்களுக்கு முன்னே யாரோ எழுதியது. அதில் ஒரு வரி, ஒரேயொரு வாய்க்காலுக்கு மட்டும் மற்றவற்றை விட முந்தித் தண்ணீர் விடச் சொன்னது. என்னோடு வேலை செய்த நௌஷாத் கெட்டிக்காரன். பார்த்த உடனே, "இது பிழை, வெட்டிருவம்" என்றான்.

"அது ஏன் அங்க கிடக்குது எண்டு தெரியுமா, தம்பி?" என்றார் சேர்.

"தெரியா சேர். பிழையாத்தான் இரிக்கும்."

"தெரியாத வரியை வெட்டப்படாது. போய்க் கேட்டுப்போட்டு வாங்க."

மாவடிப்பள்ளிப் பக்கம் வெயிலில் போனோம். நிலம் மேடாக இருக்கும், தண்ணீர் ஏற நேரம் எடுக்கும் என்று வழி நெடுக நௌஷாத் ஒரு விளக்கம் தயார் பண்ணிக்கொண்டு வந்தான். வயல்காரர் ஒருவரிடம் கேட்டோம். அவர் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அதுவா? அந்த வாய்க்கால்லதானே அப்ப தண்ணிப் பொறுப்பில இருந்த ஐயாட மாமனார்ர காணி கிடந்த. மாமனாரும் மௌத்தாப் போனார், காணியும் வித்தாச்சி. தண்ணி மட்டும் இன்னும் மருமகன்ட மரியாதையில முந்தி வருது!"

சேரிடம் வந்து சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "இப்ப வெட்டுங்க. வெட்டின இடத்தில ஏன் வெட்டினம் எண்டும் எழுதி வைங்க" என்றார். கேட்காமல் வெட்டியிருந்தாலும் முடிவு அதுதானே என்று நௌஷாத் முணுமுணுத்தான். இந்த முறை அப்படி. குழுவில் உள்ள பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது இதுதான்: நல்ல காரணமும் இருக்கலாம், கள்ளக் காரணமும் இருக்கலாம், கேட்கும் வரைக்கும் இரண்டும் ஒரே வரியாகத்தான் தெரியும்.

இனிச் சொல்லப் போவதுதான் பெரிய விசயம்.

சுனாமி எங்கள் கரையை என்ன செய்தது என்று நான் விவரிக்கப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடலோரத்து வீடுகள் போய்விட்டன. சனங்கள் கூடாரங்களில் இருந்தார்கள். வீடு கட்டிக் கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. பெயர் வேண்டாம். யாருக்கு வீடு என்ற தரவு வேலை எங்கள் அலுவலகத்துக்குக் கிடைத்தது. படிவமும் புரோகிராமும் கொழும்பில் தயாராகி வந்தன. படிவத்தை நிரப்பி முடித்திருந்தார்கள். தரவை ஏற்றி, சரிபார்த்து, பகுதி பகுதியாகப் பட்டியல் எடுத்து, சேர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அங்கே அதைப் பார்த்து வீட்டு உறுதிப் பத்திரம் எழுதுவார்கள்.

புது வேலை வந்தால் சேர் எப்போதும் ஒன்று சொல்வார்: "முதல்ல உங்கட வீட்டைப் போட்டுப் பாருங்க." பரீட்சிப்பதற்கு 'அஅஅ', 'ஆஆஆ' என்று ஆட்களைப் படைக்கக் கூடாது. விடை நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு வீட்டைப் போட வேண்டும். நான் என் வீட்டைப் போட்டேன். கணவர் பெயர், என் பெயர், பிள்ளைகள். பொத்தானை அமத்தினேன். வந்தது பட்டியல்: வீட்டுச் சொந்தக்காரர், மாஸ்டர்!

பின்னேரம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மாஸ்டருக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டி, "இனி மாசம் மாசம் வாடகையைக் கையில வெச்சிப்போட்டு அடுப்பை மூட்டுங்க" என்றார்.

"உங்கட உம்மா வீட்டுக்கு இன்னும் பஸ் ஓடுது" என்றேன் நான்.

சிரிப்பு அன்றோடு முடிந்தது. மறுநாள் நான் வாசிக்க, சேர் கண்ணை மூடிக் கேட்டார். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. வீடு யாருடையது என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை. புரோகிராம் குடும்பத் தலைவர் பெயரைத் தூக்கிச் சொந்தக்காரர் இடத்தில் வைத்தது. அவ்வளவுதான். ஒரேயொரு வரி. எழுத்துப் பிழை இல்லை, கணக்குப் பிழை இல்லை, இயந்திரம் ஒரு முறையும் நிற்கவில்லை.

கொழும்புக்குத் தொலைபேசியில் சொன்னேன். திட்ட அதிகாரி தன்மையான மனிதர். "நாடு முழுக்க இதே படிவம்தான் மிஸ். குடும்பத் தலைவர் யார் என்று அந்தச் சனங்களே சொன்னதுதானே? நாங்கள் கற்பனை செய்யவில்லையே" என்றார். அதில் பொய் இல்லை. படிவம் கொண்டு போனவர்கள் கேட்டார்கள். எங்கள் பெண்கள் சொன்னார்கள். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டால் எங்கள் ஊரில் எந்தப் பெண் தன் பெயரைச் சொல்வாள்? வீடும் வளவும் அவளுடையதாக இருக்கும். கேட்டால் தலைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டு, "அவர்தான்" என்பாள். அது மரியாதை. அந்த மரியாதையைத்தான் இயந்திரம் உறுதியாக்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஹாஜறா வந்தாள்.

சாய்ந்தமருதுக் கடற்கரையில் அவள் உம்மா கொடுத்த வீட்டில் இருந்தவள். வீடு அத்திவாரத்தோடு போய்விட்டது. ஒரு மகள், பேசி வைத்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் பொறுத்திருந்தார்கள், வீடு வந்தால் கலியாணம் என்று. கணவன் பல வருசத்துக்கு முன்பே வெளியூரில் இன்னொருத்தியை முடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். தலாக்கும் சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. முதல் பகுதியின் தற்காலிகப் பட்டியல் ஒட்டியபோது, அவளுடைய புது வீட்டுக்குச் சொந்தக்காரர் என்று அவன் பெயர் இருந்தது. அவன் காதுக்கும் அது எட்டிவிட்டது. வருகிறேன் என்று ஆள் விட்டிருந்தான்.

"ஆர் படிவத்தில அவர்ர பேரைக் குடுத்த?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"ஏன் கா? அவர்தான் இல்லியே!"

"அவர் இல்லாம எத்தின வருசமெண்டு ஊருக்குத் தெரியும். அதுக்கு, கொழும்புல இருந்து வந்த புள்ளையளுக்கும் நான் என்ட வாயால சொல்லணுமா?" என்றாள். கண் கலங்கவில்லை. என்னை முறைத்தாள். "தலைவர் ஆரெண்டு கேட்டாங்க. சொன்னன். வீடு ஆருடயெண்டு கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பன். கேக்கல்லியே!"

நாங்கள் வரி வரியாகக் காகிதத்தை வாசித்துக் கண்டுபிடித்ததை அவள் நின்ற நிலையில் சொல்லிவிட்டாள்.

"மிஸ், உங்கட கையிலதானே கம்பியூட்டர் இரிக்கி. என்ட பேரை மட்டும் மாத்தி உடுங்க. அல்லாஹ்வுக்காக" என்றாள் பிறகு, குரலைத் தாழ்த்தி.

மாற்ற முடியும். கடவுச்சொல் என்னிடம் இருந்தது. ஒரு பெயரை எடுத்து இன்னொரு பெயரை வைப்பது. தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஒருவருக்கும் தெரியாது, தெரிந்தாலும் ஊரில் ஒருவரும் என்னைக் குறை சொல்லமாட்டார். ஆனாலும் சேரிடம் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. போய்ச் சொன்னேன்.

"வாங்க தங்கச்சி, இருங்க" என்றார். எனக்கு விளங்கிவிட்டது.

"சேர், அந்த மனிசிட வீடு அது. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

"தெரியும்."

"அப்ப ஏன் மாத்தப்படாது?"

"நீங்க நல்லதுக்கு மாத்துவீங்க. நாளைக்கு அவட புருசன் நௌஷாத்தைப் பிடிச்சி, தன்ட பேரைத் திருப்பிப் போடச் சொல்லுவார். அவருக்கும் ஒரு நியாயம் இருக்கும். பிறகு இந்தப் பட்டியல்ல எது கேட்டு எழுதினது, எது கைவெச்சது எண்டு உங்களுக்கே தெரியாது. எனக்கும் தெரியாது."

"அதுக்காக அவ தெருவில நிக்கிறதா?"

"அவ மட்டுமா நிக்கிறா? தேடிப் பாத்தீங்களா?"

தேடிப் பார்த்தேன். கோபத்தில் விசைப்பலகையை உடைக்காத குறை. சொந்தக்காரர் என்று கணவன் பெயர் விழுந்த குடும்பங்களை எடுத்துப் பார்த்தால், பட்டியலே முழுதாக வந்து நின்றது. மருதமுனை நெசவுக்காரப் பெண்கள், சாய்ந்தமருது மீன்பிடிக் குடும்பங்கள், கல்முனைத் தமிழ்க் குடும்பங்கள், எல்லாரும் அதற்குள் இருந்தார்கள். ஹாஜறா அலுவலகத்துக்கு வந்து கேட்டவள். மற்றவர்கள் கேட்காதவர்கள். அதுதான் வித்தியாசம்.

சேர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். முதல் பகுதிப் பட்டியலை எடுத்து மேசையில் வைத்தார். "கையெழுத்து எண்டா, வாசிச்சன், விளங்கினது, சரி எண்டு அர்த்தம். வாசிச்சன். விளங்கினது" என்றார். பேனையை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

ஒரு பெயரை மாற்ற மறுத்த மனிதர் முழு ஊரையும் நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைக்க இப்போதும் விருப்பமில்லை. வீட்டுப் பட்டியல் ஏன் போகவில்லை என்று கூடாரத்துச் சனங்கள் கேட்டார்கள். தம்பிராசா கையெழுத்துப் போடவில்லை என்று பதில் போயிற்று. மாரி தொடங்கியது. கூடாரத்துக்குள் தண்ணீர் ஊறியது. அலுவலக வாசலில் ஆட்கள் கூடினார்கள். "உங்கட வீட்டைக் கடல் எடுத்திருந்தா இப்பிடி இருப்பீங்களா?" என்று ஒருவர் கத்தினார். சேர் வெளியே வந்து, "இருக்க மாட்டன்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. மற்ற ஆட்கள் என்றால் நாலு வார்த்தை விளக்கம் சொல்லித் தப்பியிருப்பார்கள். தான் அலுவலகத்தில் சொன்னதை இங்கேயும் கைக்கொண்டார் போலும்: விளங்கப்படுத்தாமல் திருத்துவது.

ஹாஜறாவே திரும்பி வந்தாள், பத்ரகாளி மாதிரி. "எனக்காக ஊரை நிப்பாட்டச் சொன்னனா நான்? குழாயடியில நிக்கேலாமக் கிடக்கு. எல்லாரும் என்னைத்தான் ஏசுறாங்க. மாத்தினா மாத்துங்க, இல்லாட்டி அந்தாளுக்கே குடுத்துத் துலைங்க!" அன்று நான் சேரை வெறுத்தேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஒரு மனிசியின் கஷ்டத்துக்கு முன்னால் ஒழுங்கு முறை பேசுகிற மனிதர் என்ன மனிதர் என்று மாஸ்டரிடம் சொன்னேன். "மாத்திறதெண்டா மாத்து. பிறகு சேர்ர முகத்தைப் பார்த்து வேலை செய்யலாமெண்டா மாத்து" என்றார் மாஸ்டர். வாடகை கேட்ட வாய்தான்.

நான் மாற்றவில்லை.

சேர் கொழும்புக்கு ஒன்றே ஒன்று கேட்டு எழுதினார்: அதிகாரி ஒரு தரம் வர வேண்டும், ஊராருக்கு முன்னால் புரோகிராமை வாசித்துக் காட்ட வேண்டும். அந்த அதிகாரி வந்தார். பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் கூடினோம். முன்னே பள்ளிவாசல் நிருவாகத்தினர், கோயில் ஆட்கள், மீன்பிடிச் சங்கத்தார். எல்லாரும் ஆண்கள். பின்னால் பெண்கள், ஹாஜறா சுவரோடு ஒட்டி இருந்தாள்.

"தங்கச்சி, வாசிங்க" என்றார் சேர்.

நான் எழுந்து வீட்டுத் தமிழில் வாசித்தேன். "கலியாணம் முடிச்ச குடும்பம் எண்டா, குடும்பத் தலைவர் ஆரெண்டு பார். தலைவர் புருசன் எண்டா, புது வீட்டைப் புருசன்ட பேருக்கு எழுது."

முன் வரிசையில் தலைகள் ஆடின. ஓர் இளந்தாரி பக்கத்தில் இருந்தவரை இடித்து, "நல்லதுதானே மச்சான், கம்பியூட்டருக்குப் புத்தி இரிக்கி" என்றான். சிரிப்பு. ஆண்கள் சபையில் ஆண்களுக்கு வீடு என்று வாசித்தால் யார் வேண்டாம் என்பார்? சேர் இதை யோசிக்கவில்லையா என்று அவரைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு குடைப்பிடியில் நாடியை வைத்திருந்தார்.

"ஹாஜியார், உங்கட மகள்ட குடும்பத்தைப் போட்டு வாசிக்கட்டுமா?" என்று அவர் கேட்டார். முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவரை. ஹாஜியார் மகளுக்குக் கட்டிய வீடு அலையில் போனது.

"ஓ, வாசிங்க. அதுக்கென்ன?"

வாசித்தேன். மகளின் பெயர், மருமகனின் பெயர். குடும்பத் தலைவர், மருமகன். புது வீட்டுச் சொந்தக்காரர், மருமகன்.

ஹாஜியார் காதைத் திருப்பினார். "ஆரு?"

"உங்கட மருமகன், ஹாஜியார்."

"நான் வயலை வித்துக் கட்டின வீடு! என்ட மகளுக்குக் குடுத்த வீடு! அது அவன்ட பேருக்கா?" எழுந்தே விட்டார். மருமகன் மூன்றாவது வரிசையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த மடையன் இத எழுதின?"

"நாங்கள்தான்" என்றார் கொழும்பு அதிகாரி, மெதுவாக.

அதற்குப் பிறகு நான் வாசிக்கத் தேவை இருக்கவில்லை. அந்த மண்டபத்தில் கணவன் என்று இருந்தவர்கள் எல்லாரும் மாமனாராகவும் இருந்தார்கள், அல்லது நாளைக்கு ஆகப் போகிறவர்கள். மனைவியின் வீடு தன் பெயருக்கு வருவதில் ஒருவருக்கும் பெரிய வருத்தம் இல்லை. மகளின் வீடு மருமகன் பெயருக்குப் போவதை ஒருவராலும் பொறுக்க முடியவில்லை. கோயில் பக்கத்தால் ஒருவர், "எங்கட பக்கமும் அதே கதைதான், வீடு பொம்பிளப் பிள்ளைக்குத்தான்" என்றார். வீடுகள் யாருடையவையாக இருந்தன என்று அதிகாரி கேட்டபோது, பின்னாலிருந்து பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அப்படியொரு சத்தத்தை அந்த மண்டபம் கேட்டிருக்காது.

அதிகாரி நேர்மையானவர். அங்கேயே குறித்துக்கொண்டார். படிவத்தில் ஒரு கட்டம் சேர்ந்தது: 'கடல் கொண்ட வீடு யாருடையது?' உறுதிகளும் கடலோடு போயிருந்தபடியால் அயலார் சாட்சி சொல்ல வேண்டும் என்று வைத்தோம். கூடாரம் கூடாரமாகத் திரும்பப் போய்க் கேட்டார்கள். ஹாஜறாவின் கூடாரத்துக்கு நான் போகவில்லை, நௌஷாத் போனான். அவளைக் குழாயடியில் ஏசின பெண்களே வந்து அவளுக்குச் சாட்சி சொன்னார்களாம்.

அந்தக் காத்திருப்பில் ஒரு வயதானவர் கூடாரத்திலேயே மௌத்தானார். காய்ச்சல் என்றார்கள். பட்டியல் நேரத்துக்குப் போயிருந்தால் புது வீட்டில் மௌத்தாகியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஜனாஸா அடக்கத்துக்குச் சேர் வந்தார். மையவாடிக்கு வெளியே, குடையை விரிக்காமல் மழையில் நின்றார். அந்தப் பெரியவரின் மகன் அவரைப் பார்க்காமல் கடந்து போனார். சேர் அதைப் பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒழுங்கு முறைக்கு விலை கிடையாது என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

வேலை முடிந்ததும் சேரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தாமதப்படுத்துகிறவர் என்று பெயர். அவர் குடையை எடுத்துக்கொண்டு மனைவியின் வீட்டுக்குப் போய்விட்டார். நான் வேறு இடங்களில் வேறு வேலைகள் செய்து, வயதாகி, நானும் வேலையை விட்டு நின்றுகொண்டேன்.

குழுவில் கேட்ட பிள்ளைக்கு ஒன்று மட்டும். போன கிழமை உங்கள் ஏஐயிடம் வீட்டுத்திட்டத்துக்குப் படிவம் ஒன்று கேட்டுப் பார்த்தேன். ஒரு நொடியில் தந்தது. அழகான படிவம். இரண்டாவது கட்டம், குடும்பத் தலைவர்.

ஹாஜறாவுக்கு அவள் பெயரிலேயே வீடு கிடைத்தது. மகளின் கலியாணம் பொருந்தி வந்தபோது என்னைத் தேடி வந்து அழைத்தாள். போனேன். போய் வாசலில் பார்த்தால், வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வந்தவர்களை வரவேற்றுக்கொண்டு நிற்பது அவளுடைய கணவன்! எனக்குத் தலையில் ஏறிவிட்டது. இதற்காகவா ஊரை நிறுத்தினோம்? இவனுக்காகவா அந்தப் பெரியவர் கூடாரத்தில் கிடந்தார்? குசினிப் பக்கம் போய் ஹாஜறாவைப் பிடித்தேன்.

"என்ன கா இது? அந்தாளை ஏன் உள்ள உட்ட?"

அவள் சட்டியில் இருந்து கையை எடுக்கவில்லை. "கலியாணக் காவின் எழுத வாப்பாதானே புள்ளைக்குப் பொறுப்பா, வலியா நிக்கணும், மிஸ். அவர் உசிரோட இரிக்கக்குள்ள வேற ஆரைப் போய்த் தேடுற? நான்தான் சொல்லி அனுப்பின."

"அதுக்கு வீட்டுக்குள்ளயா?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. அதுவரை நான் காணாதது. "சும்மா உள்ள வரல்ல மிஸ். கடப்படியில நிண்டார். வெளிய நிண்டு, 'வரலாமா?' எண்டு கேட்டார். முடிச்ச நாளில இருந்து அப்பிடிக் கேட்டது இண்டைக்கித்தான். வாங்க எண்டு நான் சொன்ன புறகுதான் வந்தார்."

வீடு திரும்பும் வழியில் ஓட்டோவில் இருந்தபடியே தம்பிராசா சேருக்கு அழைத்தேன். அப்போதே அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். நடந்ததைச் சொல்லி, ஹாஜறா சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"தங்கச்சி" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அதைத் திருப்பி வாசிங்க."

திருப்பிச் சொன்னேன்.